ஃபேஷன் பத்திரிகையில் வேலைக்குச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருப்பவர்களும், வேறு வேலையில் இருந்துகொண்டு இந்தப் பக்கமே நினைப்பாக இருப்பவர்களும் என்னிடம் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மும்பையில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் உதவியாளராகச் சேர்ந்து, ஷூட் வேலை, எழுத்து வேலை இரண்டும் பார்த்தவள் நான். அதனால் பதில்கள் பெரும்பாலும் இந்தியப் பத்திரிகைகளைப் பற்றியவை.

இந்தியாவில் எந்தெந்தப் பத்திரிகைகளில் இந்த வேலை கிடைக்கும்?

ஃபெமினா 1959 முதல் வருகிறது. எல், காஸ்மோபாலிட்டன் இரண்டும் 1996-இல் இந்தியாவுக்கு வந்தன. வோக் 2007 அக்டோபரில் வந்தது, கிராசியா 2008-இல், ஹார்ப்பர்ஸ் பஜார் 2009-இல். வோக்கை நடத்தும் காண்டே நாஸ்ட் மும்பையில் இருக்கிறது. ஹார்ப்பர்ஸ் பஜாரும் காஸ்மோபாலிட்டனும் டெல்லிப் பக்கம், இந்தியா டுடே குழுமத்தைச் சேர்ந்தவை. தமிழில் முழுக்க முழுக்க ஃபேஷனுக்கென்று நிலைத்த பத்திரிகை இல்லை. ஃபெமினா சில காலம் தமிழிலும் வந்தது. அவள் விகடன், குங்குமம் தோழி போன்றவற்றில் உடை, அழகு பற்றிய பக்கங்கள் உண்டு. முதல் கட்டுரையை அச்சில் பார்க்க அவை நல்ல இடம்.

ஃபேஷன் டிசைன் படித்திருந்தால்தான் எடுப்பார்களா?

இல்லை. டிசைனர் உடையை உருவாக்குகிறார். பத்திரிகைக்காரர் அதைத் தேர்ந்தெடுக்கிறார், படமாக்குகிறார், அதைப் பற்றி எழுதுகிறார். ஆங்கில இலக்கியம், விஸ்காம், வரலாறு, பொருளாதாரம் படித்தவர்கள் எல்லாரும் இந்த அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

படித்துவிட்டு வர விரும்பினால், நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரி) நான்கு வருட ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பு இந்த வேலைக்கு மிக அருகில் வருகிறது. ஸ்டைலிங், கிராஃபிக்ஸ், புகைப்படம், எழுத்து எல்லாவற்றையும் தொடும். நுழைவுத் தேர்வில் பொது அறிவோடு வரையும் திறனையும் பார்ப்பார்கள். நிஃப்டின் சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. அதே தரமணியில்தான் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசமும். எழுத்துதான் உங்கள் பலம் என்றால் இதழியல் படிப்பு உங்களை வேகமாக உள்ளே கொண்டுபோகும். பேட்டி எடுப்பது, தகவலைச் சரிபார்ப்பது, கெடு தவறாமல் எழுதிக் கொடுப்பது இவையெல்லாம் கைவந்தவர்கள் எந்த ஆசிரியர் குழுவுக்கும் வேண்டும்.

லட்சக்கணக்கில் கட்டி வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் வாங்கிப் போகும் அளவுக்கு இந்தத் துறையின் ஆரம்பச் சம்பளம் இல்லை.

அங்கே என்னென்ன பிரிவுகள் உண்டு?

ஷூட்டுக்கு உடை சேர்த்து ஸ்டைலிங் செய்வது ஃபேஷன் பிரிவு. கட்டுரை, பேட்டிகளுக்கு ஃபீச்சர்ஸ். அழகுப் பொருட்களுக்கு பியூட்டி. பக்க வடிவமைப்புக்கு ஆர்ட். புகைப்படக்காரர், மாடல், இடம், பயணம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது புரொடக்‌ஷன். எழுத்துப் பிழையும் தகவல் பிழையும் பார்ப்பது காப்பி டெஸ்க். இணையதளத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் தனிக் குழு. விளம்பரப் பிரிவு வேறு. புதியவர்களுக்கு இன்றைக்கு அதிகம் திறந்திருக்கும் கதவு இணையதளக் குழுதான். அச்சுப் பிரிவில் இடமே சில பேருக்குத்தான்.

விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு என்று தெளிவாகச் சொல்லுங்கள். "எதுவானாலும் பரவாயில்லை" என்று வரும் கடிதத்தை யாருக்கு அனுப்பி வைப்பது என்றே தெரியாது.

ஃபேஷன் அசிஸ்டென்ட் நாள் முழுக்க என்ன செய்வார்?

மூட்டை தூக்குவார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு ஷூட் முடிவானதும் சீனியர் ஸ்டைலிஸ்ட் மூட் போர்டு போடுவார்: என்ன நிறம், என்ன காலம், எந்த மாதிரிப் பெண். அதைப் பார்த்து டிசைனர்களின் லுக்புக்கிலிருந்து (அவர்கள் உடைகளின் படத் தொகுப்பு) உடைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் அசிஸ்டென்ட்டின் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு டிசைனருக்கும் மக்கள் தொடர்பு பார்க்கும் பிஆருக்கு மெயில் போட்டு "இந்த லுக், இந்தத் தேதிக்கு வேண்டும்" என்று கேட்க வேண்டும். ஒரு லுக்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சாம்பிள்தான் இருக்கும். அது அன்றைக்கு டெல்லியில் ஒரு நடிகையிடம் இருக்கலாம். கிடைக்கவில்லை என்றால் மாற்று என்ன என்று அப்போதே சொல்லத் தெரிய வேண்டும்.

உடை வந்ததும் பையைத் திறந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்துவைக்க வேண்டும். கூடவே வந்த சலானில் "துப்பட்டா 1, பெல்ட் 1" என்று போட்டிருந்தால் பெல்ட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே மணி உதிர்ந்திருந்தால் அந்த இடத்தை அருகில் வைத்துப் படம் எடுத்து உடனே அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஷூட்டன்று எல்லோருக்கும் முன்னால் போய் ஸ்டீமரைச் சூடாக்கி, லுக் வரிசைப்படி உடைகளை ரேக்கில் மாட்ட வேண்டும். செருப்பின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுவோம், கடன் வாங்கிய செருப்பில் கீறல் விழக் கூடாது என்பதற்காக. டேப்பை அடிப்பாகத்தின் விளிம்போடு ஒட்டி வெட்ட வேண்டும். கொஞ்சம் வெளியே நீட்டினாலும் படத்தில் தெரியும். பையில் ஊக்கு, கிளிப், ஊசி நூல், இரட்டைப் பக்க டேப், லிண்ட் ரோலர், தோல்நிற உள்ளாடை எப்போதும் இருக்க வேண்டும். மாடலுக்கு ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப் போட்டுப் பிடிப்போம். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். உங்களுக்குப் பிடித்த எத்தனையோ அட்டைப்படங்களின் பின்பக்கம் அப்படித்தான்.

இரவு ஷூட் முடிந்தபின் எல்லாவற்றையும் எண்ணி, பையில் போட்டு, மறுநாள் அந்தந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக கிரெடிட்: எந்த உடை யாருடையது, என்ன விலை, எங்கே கிடைக்கும். பத்திரிகையில் மிகச் சிறிய எழுத்தில் வரும் அந்த வரிகள்தான் உங்கள் பொறுப்பில் வரும் முதல் அச்சு எழுத்து. அதில் பிழை விட்டால் டிசைனர் கூப்பிடுவார், விளம்பரப் பிரிவு கூப்பிடும், ஆசிரியரும் கூப்பிடுவார்.

இவ்வளவுதானா? இதில் எங்கே படைப்பாற்றல்?

அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வோக்கில் ஆசிரியராக ஆனா வின்டூரின் முதல் இதழ் 1988 நவம்பரில் வந்தது. அட்டையில் மைக்கேலா பெர்க்கு, மேலே கிறிஸ்டியன் லக்ரூவாவின் 10,000 டாலர் ஜாக்கெட், கீழே 50 டாலர் ஜீன்ஸ். அந்த ஜாக்கெட்டோடு வந்த பாவாடை மாடலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால்தான் ஜீன்ஸ். அந்த அட்டையைப் பார்த்து ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து அச்சகத்திலிருந்தே கூப்பிட்டுக் கேட்டார்களாம். ஃபேஷன் வரலாறு பேசுபவர்கள் இன்றும் அந்த அட்டையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். உடை பொருந்தாமல் போன நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்தான் ஸ்டைலிஸ்ட். ரேக்கை அடுக்கியவருக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

எனக்கு எழுத்துதான் விருப்பம். எப்படித் தொடங்குவது?

துணியிலிருந்து தொடங்குங்கள். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இதைவிடப் பெரிய முதலீடு கிடையாது. காஞ்சிபுரம், மதுரை சுங்குடி, சின்னாளப்பட்டி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, பவானி ஜமக்காளம், திருப்பூர் பனியன், ஆம்பூர் தோல் என எல்லாமே ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கின்றன. மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு இவற்றைப் பற்றி நேரில் பார்த்து எழுதுபவர் கிடைப்பது அரிது. பாரிஸ் ஃபேஷன் வீக் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கட்டுரை யோசனையை மெயிலில் அனுப்புவதை இங்கே பிட்ச் என்பார்கள். "காஞ்சிபுரம் பட்டின் பெருமை பற்றி எழுதட்டுமா?" என்பது பிட்ச் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி நாடாவில் ஓடி, தறியிலேயே ஒன்றோடொன்று கோர்க்கப்படுகின்றன. இதற்கு நெசவாளரோடு கரை நாடாவை வீச இன்னொருவரும் வேண்டும். அந்த உதவியாள் வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. கோர்வை இல்லாத புடவைகள் சந்தையில் பெருக அதுவும் ஒரு காரணம். கல்யாணப் புடவை வாங்குபவர் கரை சேரும் இடத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதுகிறேன். இரண்டு நெசவாளர் குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன்." ஆசிரியர் ஒரு நிமிடத்தில் படித்து முடிவெடுக்க இது போதும். ஏன் இப்போது, யாரிடம் பேசினீர்கள், வாசகருக்கு என்ன கிடைக்கும், மூன்றும் இதில் வந்துவிட்டன.

துணி பற்றிய எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். கையால் சாயமேற்றிய மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போனபோது, துவைக்கத் துவைக்கச் சாயம் போனது. அதையே சிறப்பாக மாற்றி, "சாயம் போவது உறுதி" என்று சொல்லி, ப்ளீடிங் மெட்ராஸ் என்ற பெயரில் 1960-களில் கல்லூரி மாணவர்களிடம் விற்றார்கள். இளைஞர் பத்திரிகைகளும் அதைக் கொண்டாடின. குறை என்று திரும்பி வந்திருக்க வேண்டிய துணி, சரியான வார்த்தை அமைந்ததால் நாகரிகமானது.

என் ஆங்கிலம் சுமார்தான். இந்தியும் தெரியாது.

இந்தப் பத்திரிகைகளில் எழுதும் மொழி ஆங்கிலம். அதில் சுற்றி வளைக்காமல் பிழையின்றி எழுத வேண்டும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கான்வென்ட் ஆங்கிலம் பேசிவிட்டு, எழுதச் சொன்னால் தடுமாறுபவர்கள் நிறைய. தினமும் ஒரு உடையை எடுத்து நூறு சொல்லில் விவரித்துப் பழகுங்கள். "அழகான", "பிரமாதமான" போன்ற சொற்கள் இல்லாமல், என்ன துணி, எப்படி விழுகிறது, எங்கே மடிப்பு, எந்த நிறம் என்று மட்டும். சில மாதங்களில் கை திருந்தும்.

ஆசிரியர் குழுவின் கூட்டத்துக்கு இந்தி வேண்டாம். ஸ்டுடியோவில் டெய்லரிடமும் டெம்போ டிரைவரிடமும் பேச அது வேண்டும். போய்ச் சேர்ந்தால் தானாக வந்துவிடும். தமிழ் எழுதத் தெரிவதை விட்டுவிடாதீர்கள். நெசவாளரிடம் அவர் மொழியிலேயே பேசி வாங்கும் தகவல் மொழிபெயர்ப்பாளர் வழியாக வராது.

இன்டர்ன்ஷிப்புக்கு யாருக்கு எழுதுவது?

பத்திரிகையின் முதல் சில பக்கங்களில் ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கும். முதன்மை ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் சேர விரும்பும் பிரிவில் நடுத்தரப் பொறுப்பில் இருப்பவருக்கு எழுதுங்கள். இன்டர்னை உண்மையில் தேடுவது அவர்தான். மெயில் பத்து வரிக்குள் இருக்கட்டும்: யார் நீங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், சமீபத்திய இதழில் எந்தப் பக்கம் ஏன் பிடித்தது, உங்கள் வேலைக்கு ஒரு இணைப்பு. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சம்பளம் இல்லாமல் இன்டர்ன் ஆகச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

என் கருத்து: பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்கூடத் தராத இடத்தில் மாதக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். "அனுபவம் கிடைக்கிறதே" என்பார்கள். அந்த அனுபவத்தை வாங்க மும்பையில் வாடகை கட்டக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளால்தான் முடியும். நாளைக்கு யார் ஆசிரியர் ஆகிறார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்தத் துறையில் என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. 2012-இல் ஹார்ப்பர்ஸ் பஜாரின் முன்னாள் இன்டர்ன் ஒருவர் அதை வெளியிடும் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 2013-இல் காண்டே நாஸ்ட் மீதும் வழக்கு வந்தது. காண்டே நாஸ்ட் அதே வருடம் தன் இன்டர்ன்ஷிப் திட்டத்தையே நிறுத்தியது. அந்த வழக்கு 2014-இல் சுமார் 58 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஹெர்ஸ்ட் வழக்கில் நிறுவனம் வென்றது. ஆனாலும் "இது சாதாரண வழக்கம்தானே" என்று யாரும் சொல்லிவிட முடியாத நிலை வந்தது.

படிப்பின் பகுதியாகக் கல்லூரியே அனுப்பும் சில வாரப் பயிற்சி என்றால் அது வேறு. அதிலும் வேலை நேரம், பொறுப்பு, முடிவில் சான்றிதழ், உங்கள் பெயர் கிரெடிட்டில் வருமா என்பதையெல்லாம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம் எப்படி? ஃப்ரீலான்ஸ் செய்தால்?

ஆரம்பச் சம்பளம் குறைவு. மும்பை வாடகையோடு வைத்துப் பார்த்தால் மிகவும் குறைவு. முதல் வருடம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடு எடுப்பார்கள், அல்லது பேயிங் கெஸ்ட்டாகத் தங்குவார்கள். வேலை உறுதியாகி, முன்பணம் கட்டவும் சில மாதச் செலவுக்கும் கையில் காசு சேர்ந்த பிறகு ரயில் ஏறுங்கள்.

ஃப்ரீலான்ஸ் கட்டுரைக்குப் பணம் பெரும்பாலும் வெளியான பிறகுதான் வரும், அதுவும் இன்வாய்ஸ் கொடுத்தபின். கட்டுரை முடிவாகும்போதே தொகை, கெடு, வெளிவராமல் போனால் என்ன தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்களுக்கு வர வேண்டியது திரும்பி வரும். அதற்காகவாவது தாக்கல் செய்யுங்கள்.

நான் மாடல் மாதிரி இல்லை. கறுப்பு, குண்டு. அலுவலகத்தில் மதிப்பார்களா?

கேமராவுக்குப் பின்னால் வேலை செய்ய வருகிறீர்கள். நேரத்துக்கு வருபவரையும் பொருளைத் தொலைக்காதவரையும்தான் எல்லோரும் தேடுவார்கள். உடல் பற்றி ஒருவர் பேசினால் அது அவருடைய தவறு. அதைச் சீனியரிடம் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்கள் ஆசிரியர் குழுவில் உட்கார்ந்தால்தான் பக்கங்களில் வரும் உடலும் நிறமும் மாறும். சாம்பிள்கள் பெரும்பாலும் ஒரே சிறிய அளவில் தைக்கப்படுவதால், பெரிய அளவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

பையன்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. ஸ்டைலிஸ்ட், ஆர்ட் டைரக்டர், பியூட்டி எழுத்தாளர் என எல்லா இடத்திலும் ஆண்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. தொலைதூர ஊர், இரவு வரை ஷூட், குறைந்த சம்பளம். அதனால் விவரத்தோடு பேசுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. இரவு ஷூட் முடிந்தால் வண்டி ஏற்பாடு உண்டா என்று சேரும் முன்பே கேட்பதில் தவறில்லை. அப்பா அம்மாவிடம் ஒரு இதழைக் கையில் கொடுத்து, பெயர்ப் பட்டியலையும் கிரெடிட் வரிகளையும் காட்டுங்கள். எத்தனை விதமான சம்பள வேலைகள் அதில் இருக்கின்றன என்று அவர்களுக்கே புரியும்.

பிராண்டுகள் பரிசு கொடுப்பார்களாமே?

கொடுப்பார்கள். லிப்ஸ்டிக் முதல் பயணம் வரை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு விதி இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரிசு வாங்கிய பொருளைப் பற்றி எழுதும்போது அதை ஆசிரியருக்குத் தெரிவிப்பது குறைந்தபட்ச நேர்மை. உங்கள் சொந்த இன்ஸ்டாகிராமில் போட்டாலும், பணமோ பொருளோ வாங்கியிருந்தால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த விதி.

எந்த மாதிரித் தவறுகள் பத்திரிகைக்கே கெட்ட பெயர் வாங்கித் தரும்?

2008 ஆகஸ்ட் இதழில் இந்திய வோக் ஒரு ஷூட் வெளியிட்டது. ஏழைக் கிராமத்து மனிதர்கள் கையில் விலையுயர்ந்த பொருட்கள்: ஒரு குழந்தையின் கழுத்தில் ஃபெண்டி பிப் (எச்சில் துணி), ஒருவர் கையில் பர்பெர்ரி குடை. நியூயார்க் டைம்ஸ் வரை போய்ப் பெரிய விமர்சனம் ஆனது. குடையின் பிராண்டு பெயர் அச்சில் இருந்தது. அதைப் பிடித்திருந்தவரின் பெயர் இல்லை. எனக்கு அதில் அதிகம் உறுத்துவது அந்த கிரெடிட் வரிதான்.

நீங்கள் இந்த வேலைக்கு வந்தால் அந்தச் சிறிய எழுத்துகள் உங்கள் கையில் இருக்கும். புடவை எந்தக் கடையுடையது என்று போடும் இடத்தில், தெரிந்தால் நெய்தவர் பெயரையும் ஊரையும் போடச் சொல்லிக் கேளுங்கள். எப்போதும் நடக்காது. சில முறை நடக்கும்.

அச்சுப் பத்திரிகைகள் மூடப்படுகின்றன, ஏஐ வேறு வந்துவிட்டது. இப்போது வரலாமா?

அமெரிக்காவில் டீன் வோக் 2017-இலும் இன்ஸ்டைல் 2022-இலும் அச்சை நிறுத்தின. 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக்கில் கெஸ் நிறுவனம் ஏஐ உருவாக்கிய மாடலை வைத்து விளம்பரம் கொடுத்தது. வாசகர்கள் கொதித்தார்கள். இவையெல்லாம் உண்மை. முப்பது வருடம் ஒரே பத்திரிகையில் இருந்து ஓய்வு பெறலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள்.

ஆனால் பத்திரிகையில் கற்றுக்கொள்ளும் வேலைக்கு வெளியே நிறையத் தேவை இருக்கிறது. இணைய விற்பனை நிறுவனங்களின் ஷூட்கள், பிராண்டுகளின் கன்டென்ட் குழுக்கள், பிஆர், சினிமா உடை வடிவமைப்பு, கல்யாண ஸ்டைலிங் எல்லாவற்றிலும் பத்திரிகையிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். வீடியோ எடுக்கவும் வெட்டவும் கற்றுக்கொண்டு வாருங்கள். கடைசியாக, ஏஐ-க்குத் தறிக்குழியில் இறங்கி நெசவாளரிடம் பேசத் தெரியாது.

சென்னையிலிருந்தே எதுவும் செய்ய முடியாதா?

முடியும், குறிப்பாகத் தொடக்கத்தில். சென்னையில் ஷூட் நடத்தும் ஸ்டைலிஸ்ட்கள், சினிமா உடை வடிவமைப்பாளர்கள், பட்டுக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் உதவியாளர் தேவை. ஆடி முடிந்து தீபாவளி வரை விளம்பர வேலை குவியும். அங்கே ஸ்டீமர் பிடித்த கைக்கு மும்பையில் மதிப்பு உண்டு.

போர்ட்ஃபோலியோவிலும் நேர்காணலிலும் எதைப் பார்ப்பார்கள்?

எழுத்துக்கு மூன்று கட்டுரைகள் போதும்: ஒரு பேட்டி, ஒரு செய்திக் கட்டுரை, ஒரு குறும்பதிவு. ஸ்டைலிங்குக்கு நண்பர்களையும் வீட்டு அலமாரியையும் வைத்து எடுத்த இரண்டு ஷூட்கள் போதும். அம்மாவின் பழைய புடவையும் தி.நகர் ரோட்டோரக் கம்மலும் வைத்து நல்ல ஷூட் எடுத்தவரை நான் உடனே கவனிப்பேன். படத்தில் உங்கள் பங்கு என்ன என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுங்கள். புகைப்படம் எடுத்தவர், மேக்கப் போட்டவர் பெயர்களும் இருக்க வேண்டும்.

நேர்காணலுக்குப் புது உடை வாங்க வேண்டாம். இஸ்திரி போட்ட ஒரு கைத்தறிக் குர்தா, நடக்க வசதியான செருப்பு போதும். பத்திரிகையின் கடைசி இரண்டு இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். "எங்கள் இதழில் எதை மாற்றுவீர்கள்?" என்ற கேள்வி அநேகமாக வரும். பிடிக்காத ஒரு பக்கத்தைச் சொல்லி, அதற்குப் பதிலாக நீங்கள் என்ன போடுவீர்கள், யாரை அழைப்பீர்கள், எந்த உடை, எந்த இடம் என்று நான்கு வரியில் சொல்லத் தயாராக இருங்கள். சிலர் ஒரு சிறு தேர்வும் வைப்பார்கள்: ஒரு பிரஸ் ரிலீஸைக் கொடுத்து அரை மணி நேரத்தில் 150 சொல்லில் செய்தியாக எழுதச் சொல்வார்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். முதலில் அதைத்தான் திருத்துவார்கள்.